விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

லத்தீஃபாவுக்கு வாய் அதிகம் என்று டப்ளினில் எங்கள் ஆட்கள் சொல்வதுண்டு. அதிகமாகவே இருக்கட்டும். அடுத்த பாத்திக்காரி நான், எனக்கல்லவா தெரியும் அந்த வாயின் அருமை.

2005இல் இந்த வாடகைத் தோட்டத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்தோம். காயல்பட்டினத்திலிருந்து தன் உம்மா கொடுத்தனுப்பிய பீர்க்கு விதையை லத்தீஃபா போட்டாள். முதல் வருஷம் நத்தை தின்றது. மறுவருஷம் மிச்ச விதையில் ஒரே ஒரு கொடிதான் தேறியது. அதில் கொழுத்த முதல் காயைப் பறிக்காமல், அடையாளத்துக்குக் காம்பில் துணி கட்டி விதைக்கு விட்டாள். அதற்குள் உம்மாவும் தவறிவிட்டார். இந்தக் காய் முற்றிக் காய்ந்தால்தான் இனி அந்தப் பீர்க்கு உண்டு.

அக்டோபரில் கொடி வாடியது. தோட்டக் கமிட்டித் தலைவர் கஸ்தூரிரங்கன் அங்கிள் வந்துவிட்டார். வெள்ளைக்காரர்களே சும்மா இருந்தார்கள், நம்மவருக்குத்தான் பொறுக்கவில்லை.

“என்னம்மா இது, பாக்கவே அசிங்கமா? காஞ்சதெல்லாம் சாட்டர்டேக்குள்ள க்ளீன் பண்ணிடு. ரூல்ஸ் இருக்கு. நம்ம ஆளுங்க பேர் கெடக் கூடாது.”

“காயட்டும்னுதான் அங்கிள் விட்டிருக்கேன். இன்னும் ரெண்டு வாரம்.”

சனிக்கிழமை கத்தரிக்கோலோடு வந்தார். லத்தீஃபா பந்தலை மறித்து நின்றாள். நானும் போய் நின்றேன்.

“க்ளீன் பண்ணலைன்னா அடுத்த வருஷம் உனக்கு ப்ளாட் கெடையாது. யோசிச்சுக்கோ.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? வேற யாருக்காவது குடுத்துடுங்க. வெதையே இல்லாம உங்க மண்ண வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? டிசம்பர் வரைக்கும் ரென்ட் கட்டியாச்சு. அதுவரைக்கும் இது என் எடம். கைய வெக்காதீங்க அங்கிள்.”

அவர் முகம் சிவந்தது. கத்தரியை மடக்கிக்கொண்டு போனார், சொன்னபடி இடத்தையும் பிடுங்கினார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

காய் நன்றாகக் காய்ந்தது. இந்த வருஷம் அவளுடைய அபார்ட்மென்ட் பால்கனியில், கம்பி தெரியாமல் பீர்க்கு படர்ந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்.

“இங்கயும் வெளிய போகச் சொன்னா என்னடி பண்ணுவே?” என்று கேட்டேன்.

தண்ணீர் ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை.

“வெதைய எடுத்துக்கிட்டுப் போவேன், அக்கா.”