காற்று குடித்த வேன்

போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் நான் வந்த வாடகைக் கார் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கக்கூட இல்லை. ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டி, "சென்சார் மேடம், கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு போனில் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். என்ன நிம்மதியான பிறவி! பக்கத்தில் உறுமிய கன்டெய்னர் லாரியின் டீசல் நாற்றம் என்னைத் தொண்ணூறுகளின் கடைசிக்கு இழுத்துப் போனது.

அப்போது நான் ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். எண்ணூரிலிருந்து எங்களை அள்ளிக்கொண்டு போக ஒரு டீசல் வேன். வேன் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஓட்டியவர் காதர் பாய். வண்டியைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு கோடையில் வேன் புதுப் பழக்கம் ஒன்று கற்றது. காலையில் ஜோராகக் கிளம்பும். திருவொற்றியூர் வருவதற்குள் இரண்டு விக்கல், அப்புறம் மௌனம். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். டீசல் போய்ச் சேராத எஞ்சினைத் தள்ளினால் வண்டி நகரும், ஓடாது என்கிற ஞானம் முட்டி தேய்ந்த பிறகுதான் வந்தது. அந்த ரோட்டில் போகிறவர்கள் எல்லாருமே வண்டி வைத்தியர்கள். மீன்கூடையோடு போன ஒரு அம்மாகூட டீசல் வடிகட்டுகிற பில்டரை மாற்றச் சொன்னார். மாற்றினோம். நின்றது.

காதர் பாய் பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கையால் பம்ப் அடிப்பார். நுரை நுரையாக வந்து, கடைசியில் சுத்தமான டீசல் வரும். வண்டி ஓடும், அடுத்த விக்கல் வரை. "காத்து பூருது" என்பார். எங்கே என்று மட்டும் சொல்லமாட்டார்.

மேனேஜரிடம் விஷயம் போனது.

"டீசல் வெளிய ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல சார்."

"ஒழுகாத ஓட்டையில காத்து மட்டும் போகுமா? பீச்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு வரீங்க. திங்கக்கிழமை லேட்டானா வேன் கட். எல்லாரும் பஸ்ல வாங்க."

எங்களுக்குப் பஸ் ஒன்றும் புதிதல்ல. குமுதாவுக்குத்தான் முகம் செத்துவிட்டது. என் பக்கத்து மெஷின்காரி, கடலோரக் குப்பத்துப் பெண். "வேன் இல்லன்னா எங்க நைனா என்னைய வூட்ட வுட்டே அனுப்பாது" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் வேனைச் சுற்றி நின்றோம். "குழாய்க்குள்ள இன்னா நடக்குதுன்னு கண்ணால பாத்தாத்தான்" என்று பாய் பெருமூச்சு விட்டார். குமுதா எதிரே கட்டட வேலை நடந்த இடத்துக்கு ஓடினாள். கொத்தனார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூபில் ஒரு துண்டு கெஞ்சி வாங்கி வந்தாள்.

டேங்க் குழாய்க்கும் பம்ப்புக்கும் நடுவே அதைச் செருகி எஞ்சினைப் போட்டார் பாய்.

"சோடா மாரி முட்ட வுடுது பாய்!" என்று கத்தினாள் குமுதா.

பிறகு ட்யூபின் டேங்க் பக்கத்து முனையைக் கழற்றி, ஒரு கேன் டீசலுக்குள் விட்டார். ஒரு குமிழிகூட இல்லை. நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை எஞ்சின் விக்கவில்லை. அப்படியானால் பம்ப் பக்கம் சரி, கோளாறு டேங்குக்கும் ட்யூபுக்கும் நடுவே. குமுதா குழாயைத் தடவிக்கொண்டே போனாள். டேங்க் தலையில் ரப்பர் குழாய் கழுத்தாட்டியது. கிளிப் இருக்கவேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி. அந்த இடத்தில் பம்ப் டீசலை உறிஞ்சும். அதனால் வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கம்பிய எவன் கட்டுனது?" என்றாள்.

பாய் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தான். டெம்பரவரியா."

"எப்போ?"

"பொங்கலுக்கு."

குமுதா சிரித்துச் சிரித்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஏனோ அழுதாள்.

கிளிப் போட்டோம். திங்கட்கிழமை கேட் திறக்கும் முன்பே போய் நின்றோம். மேனேஜர் வேனை ஒருமுறை சுற்றிவந்து, "பாத்தீங்களா, மிரட்டுனா எஞ்சினே ஓடுது" என்றார்.

அந்த வேனில் வந்துபோய்த்தான் குமுதா சூப்பர்வைசர் ஆனாள். எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டேன்.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. காதர் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். குமுதா வீட்டுத் தெருவைக் கடல் எடுத்துக்கொண்டது. அந்தத் தெருக்காரர்களுக்கு அரசாங்கத்தில் வேறெங்கோ மாடி வீடு கொடுத்தார்களாம். எங்கே என்று கேட்கலாமென்றால், அங்கே ஒரு கதவுகூட மிச்சமில்லை.