அவர் வரும் சத்தம்

கேப்டன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் வரும் செய்தி வந்து சேர்ந்துவிடும். விமானங்கள் இறங்க வரும் பாதைக்கு நேர் கீழே அவர் வீடு. அந்தத் தெருவில் வாடகை மலிவாக இருந்ததற்குக் காரணமே அந்த இரைச்சல்தான். மற்ற வீடுகளில் காதைப் பொத்திக்கொள்வார்கள். கேப்டனின் மனைவி மட்டும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

அவர் ஓட்டியது முதலாளியின் சொந்த விமானம். இரண்டு பக்கமும் விசிறி வைத்த பழைய காலத்து வண்டி. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள், "தலைக்கு மேல நூறு விமானம் போகுது. இதுல நீங்க எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கேப்டன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுற்றினால் சத்தம் ஒரே சீராக வரும். ஒன்றை ஒரு சிட்டிகை மெதுவாக்கினால் போதும், அலை அலையாக "வூம்... வூம்..." என்று வரும். வீடு நெருங்கும்போது அப்படிச் செய்வார். தாண்டியதும் சரி செய்துவிடுவார். பின்னால் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு இத்தனை வருஷமும் இது தெரியாது. அவருடைய சொந்தச் செலவில், அவருடைய தலைக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். கேப்டன் விமானத்தை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்வதற்கும் டீ தயாராவதற்கும் சரியாக இருக்கும். குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்த டீதான் அவர்களுடைய பண்டிகை.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. சாவியை வைத்த இடம், அணைக்காத அடுப்பு என்று ஆரம்பித்தது. அடுத்துத் தெருவை மறந்தாள். உதவிக்கென்று வந்து கூடவே தங்கிவிட்ட சொந்தத் தங்கையின் பெயரை மறந்தாள். ஒரு நாள் காலையில், பல் தேய்த்துவிட்டு வந்த கேப்டனைப் பார்த்து, "நீங்க யாரு? எப்படி உள்ள வந்தீங்க?" என்று கேட்டாள். வாயில் பற்பசை நுரையோடு நின்ற மனுஷனுக்கு உலகமே இருண்டுவிட்டது.

ஆனால் ஒன்று மட்டும் அழியாமல் இருந்தது. தலைக்கு மேல் அந்த "வூம்... வூம்..." போனதும் எழுந்துவிடுவாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் வைத்துவிட்டு, கதவைத் திறந்து நிற்பாள். அதன் பிறகு தொப்பியும் பையுமாக உள்ளே வருகிறவர் யார் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. தூங்கப் போகும்வரை அவள் பழைய மனைவிதான். "இந்த நோய் அப்படித்தான். இதை ரொம்ப நம்பிடாதீங்க" என்றார் டாக்டர். கேப்டன் அதை மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்து முதலாளிக்கு ஜெட் ஆசை வந்தது. வியாபாரம் தூரதேசம் வரை போய்விட்டது, பழைய விமானம் நடுவழியில் எண்ணெய் போட இறங்க வேண்டியிருந்தது. "புதுசு வேணாம் கேப்டன், நமக்குக் கட்டுப்படி ஆகாது. எட்டுப் பேர் போற மாதிரி நடுத்தர ஜெட், பழசா ஒண்ணு வருதாம். நீங்க போய்ப் பாருங்க. நீங்க சரின்னா வாங்கறேன். வேணாம்னா விட்டுடறேன். உங்க பேச்சுதான்."

கேப்டனுக்கு வீட்டு நினைவு வந்தது. ஜெட்டுக்கு விசிறி வெளியே சுற்றாது. அதை எப்படி ஓட்டினாலும் "வூம்... வூம்..." வராது.

விமானம் வேறொரு ஊரில், பெரிய கொட்டகையில் நின்றது. பழைய கார் விற்பது போலத்தான் இதுவும், விலையில் பூஜ்யங்கள்தான் கூட. தரகர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். "ஒரே ஓனர் சார். பொத்திப் பொத்தி வெச்சிருந்தார். சீட்டெல்லாம் அசல் தோல், தொட்டுப் பாருங்க" என்று விடாமல் ஒப்பித்தார். கேப்டன் சீட்டைத் தொடவில்லை. தரைப் பலகைகளைக் கழற்றச் சொன்னார். என்ஜினுக்குள் கேமராக் குழாயை விட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வாங்கப் போகிறவர்கள் கோளாறு இருக்கக் கூடாதே என்று தேடுவார்கள். இவர் ஒரு கோளாறாவது இருக்க வேண்டுமே என்று தேடினார்.

கிடைத்தது. கழிவறைக்கு அடியில், ஈரம் இறங்கிய இடத்தில், உலோகம் பொரிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை மறைக்க அவர் குனிந்தபடியே இருந்தார். மெக்கானிக் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மேலோட்டமான அரிப்புதான் சார். தேய்ச்சு, மருந்து வெச்சு, பெயின்ட் அடிச்சா போதும்."

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. குறையே சொல்ல முடியாத விமானம். அதனால்தான் அவருக்கு அழுகை வந்தது.

முதலாளிக்குப் போன் போட்டார். "அடியில அரிப்பு இருக்கு சார்" என்றார். அது பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஐயோ. அப்ப வேணாமா?" என்றார் முதலாளி. குரலில் ஏமாற்றம் இருந்தது, ஆனால் மறுபேச்சு இல்லை. இவர் ஒருத்தர் பேச்சை நம்பி, பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த மனுஷன். கேப்டனால் முடியவில்லை.

"சின்னதுதான் சார். அவங்க செலவுலயே சரி பண்ணிக்கச் சொல்லலாம். நல்ல விமானம். வாங்குங்க."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். தரகர் கமிஷன் கணக்கில் இருந்ததால் யாரும் தேடவில்லை.

முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பழைய விமானத்தை வெளியூருக்குக் குடுக்காதீங்க சார். நம்ம ஏர்போர்ட்லயே பார்சல் கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. விலை கொஞ்சம் கம்மிதான்..."

"எதுக்கு கேப்டன்?"

"பழகின பொருள் சார்" என்று மென்று விழுங்கினார். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிப் பழக்கமில்லாதவர். முதலாளி சிரித்துவிட்டு, "சரி, உங்களுக்காக" என்றார். அந்தச் சத்தம் தினமும் அவள் காதில் விழுந்தால் போதும் என்று கேப்டன் நினைத்தார். வானத்தில் நாலு பக்கமும் பார்த்து ஓட்டுகிறவர், இதில் மட்டும் ஓர் அடி தள்ளி யோசிக்கவில்லை.

புது ஜெட்டுக்குப் பயிற்சி எடுக்க மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டு, அதிலேயே திரும்பி வந்தார். வீட்டுக்கு மேல் அது நூறோடு நூற்றொன்றாக இரைந்துகொண்டு கடந்தது. வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யார் வேணும்?" என்றாள்.

"நான்தாம்மா."

"வீட்டுக்காரர் இன்னும் வரலீங்க. வந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்கும்."

"அக்கா, அத்தான்தான் அக்கா" என்று தங்கை ஓடி வந்தாள். மனைவி தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், விருந்தாளிகளுக்குப் போடும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அதுதான் கேப்டனுடைய இடம். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. மரியாதைதான் அவரைக் கொன்றது.

பார்சல் கம்பெனி பழைய விமானத்தின் சீட்டுகளைப் பிடுங்கி, வேறு நிறம் அடித்துப் பறக்க விடக் கொஞ்ச நாளாயிற்று. விடுமுறை நாள் ஒன்றில், சாயங்காலம், கேப்டன் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அப்போது கேட்டது. வூம்... வூம்... புதிதாக ஓட்டுகிறவன் சோம்பேறி, விசிறிகளைச் சீராக்க மெனக்கெடவில்லை. இவர் ஆசையாகச் செய்ததை அவன் அலட்சியத்தில் செய்துகொண்டு போனான்.

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். எத்தனையோ நாளாகக் காணாத முகம் அது. "வந்துட்டார்!" என்றாள்.

அவரும் எழுந்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார்.

அவள் அவரைப் பார்த்து, சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கிளம்புங்க. அவர் வர்ற நேரம். ஒண்ணும் சொல்ல மாட்டார், தங்கமான மனுஷன். ஆனா களைச்சுப் போய் வருவார்." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

கேப்டன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தங்கை கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தாள். "அத்தான், நான் எடுத்துச் சொல்றேன். நீங்க உள்ள வாங்க."

"வேணாம்மா. அவ சிரிச்ச முகத்தைப் பாத்தேல்ல? என் தொப்பியையும் பையையும் பின்பக்கமா எடுத்துட்டு வா."

தெருமுனையில் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் உட்கார்ந்தார். இப்போது அவன் இறங்கியிருப்பான். என்ஜினை அணைத்திருப்பான். கட்டை வைக்கிறான், கையெழுத்துப் போடுகிறான், வண்டியை எடுக்கிறான். முன்பின் பார்த்திராத ஒருவனுடைய வேலை முடிவதற்காக, தன் வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கதவு திறந்தே இருந்தது. அவள் டீயோடு நின்றாள். "ஏன் இத்தனை நாள்? எவ்வளவு நாளாச்சு!" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தன்னுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இப்பதான் ஒருத்தர் போனார்" என்றாள் அவள். "தினமும் வந்து உக்காந்துக்கறார். துணியெல்லாம் மடிச்சுக் குடுக்கறார். பாவம், அவருக்கு வீடுன்னு ஒண்ணு இல்ல போலிருக்கு."

கேப்டன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"அடுத்த தடவை வந்தா அவருக்கும் கொஞ்சம் டீ குடு."

"குடுக்கறேன்" என்றாள்.