அமோனியா டேங்கரின் அடைபட்ட சேஃப்டி வால்வு

அந்த டேங்கரின் சேஃப்டி வால்வை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, தாடிக்கொம்பு போகிற பக்கம் ஓர் அமோனியா டெப்போ. தோல் பதனிடும் ஷாப்புகள், ஐஸ் கம்பெனிகள், காய்கறி வைக்கும் கோல்டு ஸ்டோரேஜ்கள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சிலிண்டரில் அமோனியா போகும். டேங்கர் லாரியில் வருவதை எங்கள் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்வோம். வண்டி உள்ளே நுழைவதற்கு முன் கேட்டில் நிறுத்திச் சோதித்து, படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் 'சரி' போடுவது கேட் இன்ஸ்பெக்டரான என் வேலை. ஒன்பதாவது கட்டம் சேஃப்டி வால்வு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டேங்கருக்குள் அமோனியா அழுத்தத்தில் திரவமாக இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் டேங்கின் உச்சியில் இருக்கும் வால்வு தானாகத் திறந்து கொஞ்சம் வாயுவை வெளியே விடும். அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். அது திறக்காவிட்டால், அடுத்து பிளந்துகொள்ள மிச்சமிருப்பது டேங்கின் தகடு மட்டும்தான்.

மற்ற கட்டங்களைத் தரையில் நின்றே பார்த்துவிடலாம். ஒன்பதாவதற்கு மட்டும் பின்பக்க ஏணியில் ஏறி, மேலே போய், சீல் அறுபடாமல் இருக்கிறதா, வால்வின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்த ஏணிக் கம்பியைத் தொட முடியாது. எனக்கு முழங்கால் வலி வேறு. தெரிந்த டிரைவர், தெரிந்த வண்டி என்றால் கீழேயே நின்று எழுதிவிடும் பழக்கம் மெல்ல மெல்ல வந்திருந்தது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

மயில்சாமியின் வண்டி

அன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்தவர் மயில்சாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எட்டு வருடமாக எங்களுக்கு லோடு கொண்டுவருகிறவர். எங்கும் இடித்தது கிடையாது, குடித்துவிட்டு வந்தது கிடையாது.

"வெயிலு ஆளக் கொல்லுதுங்க பாய்," என்றார்.

"ஆமா மயில்சாமி. உள்ள ஒரு வண்டி எறங்கிக்கிட்டிருக்கு. யார்டுல போட்டு வையுங்க," என்று சொல்லிப் படிவத்தை முடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

யார்டில் நிழல் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி வெயிலில் நின்றது. முன்னால் வந்த டேங்கர் காலியாகி வெளியேறிய பிறகு மயில்சாமியின் வண்டியை இறக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஆபரேட்டர் செல்வி. சாணார்பட்டிப் பெண். தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோவாள். எதைத் தொடுவதற்கு முன்னும் பிரஷர் கேஜைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவள் வழக்கம்.

"சார், செத்த இங்க வாங்க," என்று கூப்பிட்டாள்.

போனேன். அவள் கேஜைக் காட்டினாள்.

"முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டிருச்சு. இந்நேரம் வால்வு தொறந்திருக்கணும்ல? ஒரு சத்தத்தையும் காணோம்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஏணியில் கை வைத்தேன். காலையில் ஏறியிருக்க வேண்டியவன் அப்போது ஏறப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப மேல போகாதீங்க சார். எப்ப என்னாகும்னு தெரியாது. தண்ணியத் தெறந்து டேங்கு மேல அடிங்க. காத்து மேக்கருந்து வருது. அம்புட்டுப் பேரையும் மேக்கால போகச் சொல்லுங்க."

சைரனை அடித்தார்கள். ஆட்கள் மேற்குச் சுவர்ப் பக்கம் ஓடினார்கள். நான் தண்ணீர் ஹோஸை இழுத்து டேங்கின் மேல் அடித்தேன். அந்த அழுத்தத்தில் ஹோஸை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது. பின்னால் யாரோ வந்து சேர்ந்து பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் மயில்சாமி. போகச் சொன்னேன். அவர் போகவில்லை.

செல்வி முகமூடி மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து குழாயை இணைத்தாள். ஒவ்வொரு மறையாணியாக நிதானமாக முடுக்கினாள். பிறகு எங்கள் தொட்டிக்குப் போகும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். திரவம் போக ஆரம்பித்ததும் முள் ஒருமுறை நடுங்கிவிட்டு இறங்கியது. அது சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் ஹோஸைக் கீழே வைத்தோம்.

உச்சியில் இருந்தது

டேங்கைக் காலி செய்து, அழுத்தம் முழுவதும் போன பிறகு மேலே ஏறினோம். வால்வின் வாயில் ஓர் இரும்புக் கட்டையை முடுக்கியிருந்தார்கள். அளவெடுத்துப் பட்டறையில் கடைந்த கட்டை. அதன் திருகு மறை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வால்வு உள்ளே திறந்தாலும் வாயு வெளியே வர வழியில்லை. போதாததற்கு, லோடு ஏற்றிய இடத்தில் அளவுக்கு மேல் நிரப்பியிருந்தார்கள் என்று எடைச்சீட்டைப் பார்த்தபோது தெரிந்தது. திரவம் விரிய உள்ளே இடமே இல்லை. முள் அத்தனை வேகமாக ஏறியது அதனால்தான்.

மயில்சாமி எதையும் மறைக்கவில்லை. சில நாட்களாக அந்த வால்வு லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது நெடி தாங்காமல் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் மூச்சுத் திணறிப் போனாள். ஊர்க்காரர்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் முதலாளியிடம் சொன்னார். வால்வை மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும். "சீசன் முடியட்டும், இப்போதைக்கு ஒரு அடைப்புப் போட்டு ஓட்டு" என்பது முதலாளியின் பதில்.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் நான் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தது. செல்வி ஓரமாக உட்கார்ந்து அவளுடைய ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

"காதர், இதுல வால்வு சரின்னு போட்டிருக்கீங்க. அப்ப வண்டி உள்ள வந்தப்புறம் டிரைவர்தான் அடச்சிருக்கணும். அப்படியே எழுதிருவோமா?"

அப்படி எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். யார்டில் நின்ற நேரத்தில் வேண்டுமென்றே செய்தார் என்று மயில்சாமி மேல் வழக்கு வரும். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செல்வி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் மேல ஏறல சார். ஏறாமலே கையெழுத்துப் போட்டேன்."

"ரிட்டயர் ஆகப் போற நேரத்துல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அதையே என் கையால் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. கேட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதிகாரிகள் வந்து அந்த முதலாளியின் வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். மயில்சாமிக்குக் கொஞ்ச காலம் லைசென்ஸ் இல்லாமல் போனது, வேலையும் போனது. ஜெயிலுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து நானே கேட்டுக்கொண்டதால் என்னை மறுபடி கேட்டில் போட்டார்கள். அதன் பிறகு முதலில் ஒன்பதாவது கட்டம், பிறகுதான் மற்றவை.

ஒட்டன்சத்திரத்தில்

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாக வந்தபோது, முருங்கைக்காய் ஏற்றிய லாரியின் பக்கத்தில் மயில்சாமி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ சொன்னார். மன்னிப்புக் கேட்க நினைத்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றனுங்க பாய், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நீங்க மேல ஏறிப் பாப்பீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நானாச் சொல்லி வண்டிய நிறுத்துனா முதலாளி அடுத்த நாளே வேற ஆளப் போட்டுருவாருங்க. நீங்க பாத்துத் திருப்பி அனுப்பிச்சா அது டெப்போக்காரங்க போட்ட உத்தரவு. என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. வழி பூரா அதையே நெனச்சு ஓட்டிட்டு வந்தனுங்க. நீங்க கீழயே நின்னு எழுதிட்டீங்க. எனக்கு வாய் வரலீங்க."

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

சோதனை என்றால் தப்புச் செய்கிறவரைப் பிடிப்பது என்றுதான் சர்வீஸ் முழுக்க நினைத்திருந்தேன். பிடிபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒருவர் என் முன்னால் வந்து நிற்க முடியும் என்று நினைத்ததில்லை. இப்போது கேட்டில் நிற்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் முன்னால் வந்து நிற்கும் டிரைவருக்கு அவருடைய முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்லும் தைரியம் இல்லாமல் இருக்கலாம். அதை அவருக்காக நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ஏணியில் ஏற வேண்டும்.