பார்வை நேரத்துச் சிரிப்பு

எங்கள் அன்பு அக்கா, கடுகண்ணாவைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். வாயாடி. கடை முழுவதையும் விரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறவரையும் சிரிக்க வைத்தே அனுப்புவார். அத்தானை மணந்து, நெடுநாள் காத்திருந்து அவர் கருவுற்றபோது வீடே தலைகால் புரியாமல் ஆடியது.

அந்த ஆட்டம் நிலைக்கவில்லை. கால் வீங்கியது, பிரஷர் ஏறியது. கிளினிக்கில் பார்த்தவர்கள் அப்படியே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி கண் கலங்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஒரு நாள் அக்கா உதட்டைப் பிதுக்கியதும் அம்மா பதறிப்போய், "அழுவாத தாயி! நீ சிரிச்சாத்தான் புள்ள சிரிச்ச மொகமா பொறக்கும்" என்றார். பார்க்க வந்த உறவினர் எல்லோரும் பிஸ்கட்டோடு அந்தப் புத்திமதியையும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பார்வை நேரத்துக்கு முன்பே அக்கா தலை வாரி, பொட்டு வைத்துக் காத்திருப்பார். "எனக்கென்ன, மகாராணி மாதிரி படுத்திருக்கேன்" என்பார். நாங்களும் நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவோம்.

மகள் பிறந்தாள். அக்கா கண் விழிக்கவேயில்லை.

கருமாதியன்று அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி கைக்குழந்தையோடு வந்தார். வார்டில் அக்காவின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவராம். "நீங்க எல்லாம் போன பொறகு, போர்வைய வாயில வச்சிக்கிட்டு அழுவாங்க. 'அழுங்க புள்ள, நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்'னு கையப் புடிச்சிக்கிட்டு இருப்பேன். 'நான் செத்துட்டா என் புள்ளய யாரு பார்ப்பா'ன்னு கேப்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார் அம்மா.

"சொன்னா அழுகை வந்துரும், அம்மா வைவாங்கன்னாங்க."

அழுததால் வந்த நோயுமில்லை, சிரித்ததால் போகிற நோயுமில்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் விளக்கிச் சொன்னார். அப்படியானால் அக்கா எதற்காகச் சிரித்தார்? காலம் ஆற்றும் என்கிறார்கள். ஓராண்டாயிற்று, ஒன்றும் ஆறவில்லை.

போராடிப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், உலை வைக்க மறந்த எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், அத்தானைத் தனியே விடாத நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அக்குறணைச் சகோதரிக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று தெரியவில்லை. நாங்கள் பிடித்திருக்க வேண்டிய கையை அவர் பிடித்திருந்தார்.

இன்று திதிக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை பார்க்கிறது என்று சொல்லி அம்மாவின் கண்களைத் துடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் சற்று உட்காருங்கள். அம்மா அழட்டும்.

தங்கை