செவக்காம இரு

சாயம் ஊற்றிய ஸ்லைடை மேசையில் வைத்துவிட்டு சாயக்கா அதன்மேல் குனிகிறார். "கண்ணு, செவக்காம இரு" என்கிறார். ஒவ்வொரு ஸ்லைடிடமும் இதேதான். "அது உங்க பேச்சைக் கேக்கவா போகுது?" என்று பெரிய டாக்டர் கிண்டல் செய்தால், "கேக்காட்டிப் போகுது. சொல்லி வைக்கிறேன்" என்பார்.

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. சாயம் ஏற்றுவது அவர் வேலை என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் சாயக்கா. தைராய்டில் கட்டி வந்தவர்களின் கழுத்திலிருந்து ஊசியால் உறிஞ்சிய செல்கள் அவரிடம் வரும். கட்டி நல்லதா கெட்டதா என்று மைக்ராஸ்கோப்பில் பிடிபடாதபோது, அந்தச் செல்களில் ஒரு நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்ப்போம். நொதி துள்ளினால் சிவப்பு ஏறும். ஏறினால் பெரும்பாலும் கத்திதான்.

இந்த வேலை அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்ப்பார். ஒருமுறை பேருந்தில் எதிரே ஓர் அம்மாள் தண்ணீர் குடிக்க, இவர் கண் கொட்டாமல் பார்க்க, அந்த அம்மாள் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாராம். "என்னைப் பாத்தா திருடி மாதிரியா இருக்கு?" என்று எங்களைக் கேட்டார்.

போன மாதம் அந்தக் கண்ணில் பட்டது அவருடைய நாத்தனாரின் கழுத்தில் ஒரு வீக்கம். பள்ளி ஆசிரியை, குரலை நம்பிப் பிழைப்பவர். அண்ணியும் அவரும் எலியும் பூனையும். "என்கிட்ட குறை கண்டுபிடிக்கிறதே உங்க வேலையாப் போச்சு அண்ணி" என்று சண்டைக்கு வந்தவரை இழுத்துவந்து ஊசியால் செல் எடுக்க வைத்தார். மைக்ராஸ்கோப் கைவிரித்தது. அறுத்தால் குரல் போய்விடுமோ என்று நாத்தனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இந்த ஸ்லைடை நான் பாத்துக்கறேனே" என்றேன்.

"அவ பேச்சையே இத்தனை வருஷம் தாங்கிட்டேன். இதைத் தாங்க மாட்டேனா?"

அன்றும் குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாயம் ஊறும் வரை கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வெளுத்துக் கிடக்கு. ஸ்கேனும் நல்லாத்தான் இருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம். அப்பப்ப வந்து காட்டினாப் போதும்."

"சரிங்க டாக்டர்" என்றார் சாயக்கா. சற்றுப் பொறுத்து, யாரும் எதுவும் கேட்காமலே, "சரிங்க டாக்டர்" என்றார் மறுபடியும்.

வராந்தா பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். இன்றே ஆபரேஷனுக்குப் படுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்து மாற்றுத்துணி அடைத்த பை மடியில்.

"ஆபரேஷன் இல்லடி. பயப்பட ஒண்ணுமில்ல."

நாத்தனார் அழுதார். மூக்கைத் துடைத்தார். "அப்ப நான் லீவு போட்டதெல்லாம் தண்டமா?"

வேறொரு நாளாக இருந்தால் சுடச்சுட பதில் கிடைத்திருக்கும். சாயக்கா அந்தப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார்.