இறங்கும் தடம்

யுத்தம் முடிந்து, பொம்மை ரயிலுக்கான தகரத் தண்டவாளங்கள் சென்னைக் கடைகளில் மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது, விஷக்காய்ச்சலில் இறந்த என் மகன் வரைந்து வைத்திருந்த ரயில்பாதையைத் திருத்தணி வீட்டில் அவனுடைய அறையிலேயே அமைக்க முற்பட்டேன். பத்தடிக்கு எட்டடி அறை. வரைபடத்தில் மூன்று தட்டுகள்: கீழே ஸ்டேஷன், நடுவில் வயல்வெளி, மேலே மலை. ஒரே தடம் மலையைச் சுற்றிச் சுற்றி உச்சிக்குப் போகும். ‘ஏற்றியும் இறக்கியும் பார்க்க வேண்டும்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தான். அவன் விட்டுப்போன அந்தச் சோதனையை முடித்துவிடுவதே என் எண்ணம்.

எஞ்சின் தடம் புரண்டால் எடுப்பதற்காகத் தட்டுகளுக்கிடையே கை நுழையும் இடைவெளி விட்டிருந்தான். அது அவன் கையின் அளவு. என் கை நுழையவில்லை. தட்டுகளைச் செய்த ஆசாரியிடம் ஓர் அங்குலம் கூட்டச் சொன்னேன். அதனால் சரிவு மாறிற்று. வளைவுகளை மறுபடி கணக்கிட நான்கு நாள் ஆயிற்று. அந்நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை. வீட்டில் வேறு எவருமில்லை.

வேலை முடிந்ததும் ஆசாரி தானாகவே ஒரு சிறு மரக்கோயில் செய்துவந்து உச்சியில் ஒட்டினார். சாவி கொடுத்த எஞ்சின் மலையை வலமாகச் சுற்றி ஏறியது.

“நாம படி ஏறினா நாலு எடத்துல குந்துறோம். இது மூச்சு வாங்காம போய்கினே இருக்குது பாருங்க ஐயா!” என்றார்.

உச்சியில் அதைத் திருப்பி வைத்து இறங்கவிட்டேன். முதல் வளைவிலேயே அவர் கையால் மறித்தார்.

“என்ன ஆசாரி?”

“ஏறசொல்ல வலமா வந்துதுங்க. எறங்கசொல்ல எடமா சுத்துது. சாமிய அப்டி சுத்தலாமா? அது சாவுக்குச் சுத்துறதுங்க.”

ஒரே தடத்தில் வலமாக ஏறுவது இடமாகத்தான் இறங்கும். ஆயுள் முழுதும் கணிதம் கற்பித்தவன், இதைக் காகிதத்திலேயே கண்டிருக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு தடத்துக்கு அறையில் இடமில்லை.

“கோயிலை எடுத்துடட்டுங்களா? வெறும் மலைன்னா தோசம் இல்ல.”

“வேண்டாம்,” என்றேன்.

கோயிலைப் பற்றி எனக்குப் பிடிவாதம் ஏதுமில்லை. மகனுக்குக் கொள்ளி வைத்த அன்று, நீர்க்குடத்தைத் தோளில் சுமந்து நான் சிதையை மூன்று முறை இடமாகச் சுற்றியிருந்தேன். கோயிலை அகற்றினாலும் அந்தத் திசை மாறப்போவதில்லை.

மறுநாள் காலை தனியே இருந்து எஞ்சினை ஓட்டினேன். ஓர் அங்குலம் கூட்டியும் அவன் கணக்கு தவறவில்லை. எங்கும் திணறாமல் ஏறிற்று. இறக்கிப் பார்ப்பது மட்டும் நடக்கவில்லை. உச்சியை அடைந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். சுருள்வில் தளரும் வரை சக்கரங்கள் என் உள்ளங்கையில் சுழன்றன. நின்ற பிறகு, கீழே கொண்டுவந்து ஸ்டேஷனில் வைத்தேன்.