நான்காம் அறையின் மணி

இது நடந்தது. ஜோடித்துச் சொல்ல அவனுக்குத் திறமை கிடையாது, எனக்குப் பொழுது கிடையாது. அவன் என் தங்கையைக் கட்டியவன். சின்ன விஷயங்களில் தாராளமாகப் பொய் சொல்வான். பல் டாக்டரிடம் போனேன் என்பான், வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். ஆனால் தன்னையே கேவலப்படுத்திக்கொள்கிற பொய்யை எவனும் சொல்ல மாட்டான். அதனால் நம்புகிறேன். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று. பேய் இருட்டில்தான் வரும் என்று யாரோ உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.58 முதல் 3.30 வரை.

உறைந்த சரக்கு வைக்கிற கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை. கீழே ஆறு குளிர் அறைகள், ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. மாடியில் ஜன்னல் இல்லாத சர்வர் அறை. கீழே கதவு திறந்தால், மூடினால், மணி அடித்தால் மேலே ஒரு வரி பதிவாகும். அதை லாக் என்பார்கள். தினமும் இரவு பதினொரு மணிக்கு அன்றைய லாக் முழுவதும் மூலையில் நிற்கிற பேக்கப் சர்வருக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு படிக்கலாம், மாற்ற முடியாது. ஓர் எழுத்தைச் சேர்க்க கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும் நடக்காது. "பேக்கப் ஆச்சா?" என்று யார் கேட்டாலும் இவன் "எல்லாம் பத்திரமா இருக்கு" என்பான். அதனால் ஆபீசில் அவன் பெயரே பத்திரம் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கு ஐந்து வாரம் முன்பு, அதுவும் ஒரு ஞாயிறு, நான்காம் அறையில் சரக்கு அடுக்குகிறவன் ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனான். உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விடுமுறை நாள் என்பதால் கட்டடத்தில் மூன்றே பேர். மாலை ஐந்து மணி ஷிப்ட் ஆட்கள் வந்து திறந்தபோது அவன் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? உள்ளே கதவோரம் அவசர மணி இருக்கிறது, அதை அவன் அடிக்கவேயில்லை, பெட்டிகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கியிருக்கிறான், அவன் தப்பு. இப்படிச் சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

செத்தவனின் மனைவி திங்கட்கிழமைதோறும் வரவேற்பறைக்கு வந்து உட்காருவாள். கேட்பது ஒரே கேள்வி.

"அவர் மணி அடிச்சாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. எங்க மாமியாரே தூங்கிட்டான்னு நம்பிட்டாங்க. பெத்தவங்களே நம்பிட்டாங்க."

நான்கு திங்கள் சமாளித்துப் பார்த்த மேனேஜர் ஐந்தாவது வாரம் பத்திரத்தைக் கூப்பிட்டார். "பேக்கப்புல தேடி, மணி அடிச்ச பதிவு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடு. நாளைக்கு அந்தம்மா வர்றதுக்குள்ள எனக்கு வேணும்" என்றார். தேடுவதற்கு முன்பே விடை தயார். பெரிய இடத்து வேலை எப்போதும் அப்படித்தான்.

12.58-க்குப் பத்திரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றும் மாடியில் அவன் ஒருவன்தான் டூட்டி. சாவு நடந்த ஞாயிற்றின் தேதியைப் போட்டான். அறை நான்கு, உள்மணி. 1.04-க்கு விடை வந்தது.

பதிவு எதுவும் இல்லை.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஏனென்றால் அந்த ஞாயிறும் அவன் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணினி மூன்று தடவை 'டிங்' என்றது. அறைக்கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலும் அதே டிங்தான். நாள் முழுக்கக் கத்தித் தொலைக்கும். அதற்காக இவனே ஒரு வருடம் முன்பு ஒரு விதி எழுதி வைத்திருந்தான்: ஓர் அறையிலிருந்து மூன்று தடவைக்கு மேல் சத்தம் வந்தால், நான்காவதிலிருந்து எனக்குச் சொல்லாதே, பேசாமல் பதிவு மட்டும் செய்துகொள். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த விதியில் கதவு வேறு, மணி வேறு என்று பிரிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சரி, மணி அடிக்கவில்லை. நிம்மதியாக நாலு வாய் சாப்பிட்டான். திரையைப் படமெடுத்து அனுப்பலாம் என்று மறுபடி தேடினான். அப்போது மணி 1.09.

ஒரு வரி இருந்தது.

அறை 4, உள்மணி, 1.08.

தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தான். சரிபார்த்தான். தேதி சரி. 1.11-க்குத் திரும்பத் தேடினான். மூன்று வரிகள். 1.08. 1.09. 1.10.

அன்று கேட்ட மூன்று டிங்.

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டான். பேக்கப்பின் பூட்டைப் பார்த்தான். ஐந்து வாரம் முன்பு இரவு பதினொரு மணிக்குப் பூட்டியது பூட்டியபடியே இருந்தது. கோப்பின் அளவுகூட மாறவில்லை. தேடுகிற மென்பொருள் மெதுவாக வேலை செய்கிறது, வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன, வேறொன்றுமில்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். கேட்க அங்கே யாருமில்லை.

நான்காவது வரி வந்தபோது அதன் பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது. 'அடக்கப்பட்டது'. அவன் எழுதிய விதி. ஐந்தாவது, அடக்கப்பட்டது. ஆறாவது, அடக்கப்பட்டது.

1.30-க்குப் பதினான்கு வரிகள். நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது, இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒன்றானது. 1.52-க்கு இருபத்திரண்டு. பிறகு இன்னும் தள்ளித் தள்ளி... 2.07-க்கு இருபத்தாறு.

அப்போதுதான் கவனித்தான். கடைசி வரியின் நேரம் 2.07. சுவர்க் கடிகாரத்திலும் 2.07.

முதல் வரி 1.08. அதை அவன் பார்த்தது 1.09. ஒவ்வொரு வரியும் அப்படித்தான். தேதி மட்டும் அந்த ஞாயிறு. நேரம் இந்த நிமிடம். பழைய பதிவு தாமதமாக வரவில்லை... உள்ளே ஒருவன் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறான். களைத்துப்போய், இடைவெளி விட்டு விட்டு அடிக்கிறான்.

2.31. இருபத்தொன்பது வரிகள். மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், பதிவு இருக்கு."

"எத்தனை?"

"ஏறிக்கிட்டே இருக்கு சார்."

"அஞ்சு வாரத்துப் பழசு எப்படிய்யா ஏறும்? தூங்கி வழியறியா?"

"சார், நீங்க ஒரு தடவை வந்து..."

"இங்க பாரு. இல்லைன்னு எழுது. அந்த அடக்குற விதியை யார் போட்டதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. புரியுதா?"

வைத்துவிட்டார். விதியைப் போட்டவன் பத்திரம். பாராட்டி முதுகில் தட்டியவர் அவர். ஆனால் தட்டியதற்கு லாக் கிடையாதே.

2.36. ஒரே நிமிடத்தில் மூன்று வரிகள். முப்பத்திரண்டு.

பிறகு ஒன்றுமில்லை. 2.40... 2.43... 2.45...

எழுந்து ஓடினான். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னான். எனக்குத் தெரிகிறது. முதல் தடவை ஓடியிருக்க வேண்டியவன், ஐந்து வாரம் கழித்து ஓடினான்.

குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்கூட இல்லாமல் படியிறங்கினான். கீழ் நடை காலியாக இருந்தது. நான்காம் அறையில் திரும்பச் சரக்கு அடுக்கிவிட்டிருந்தார்கள். செத்தவனுக்காக நான்கு நாள்தான் மூடி வைத்திருந்தார்களாம். உள்ளே புதுக் கைப்பிடியும் மாட்டியாகிவிட்டது. கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினான். கதவு விட்டுக்கொடுத்தது.

2.47.

உள்ளே விளக்கு எரிந்தது. பெட்டிகள். பெட்டிகள். ஆள் யாருமில்லை.

வாசலைத் தாண்டி அவன் கால் வைக்கவில்லை. கதவைத் திறந்தால் குளிர்ப்புகை தரையோடு உருண்டு வெளியே வரும், அது அவனுக்குப் பழக்கம். அன்று தரையில் புகை இல்லை. அவனுக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் இருக்கிற உயரத்தில்... ஒரு கொத்துப் புகை.

கலைந்தது.

மறுபடி ஒரு கொத்து.

கலைந்தது.

மறுபடி...

மூச்சு.

கதவை அறைந்து மூடினான்.

படிகளை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. திரைக்கு வந்தான். தேடினான்.

அறை 4, கதவு திறப்பு, 2.47. அட்டை எண் 0316.

அறை 4, கதவு மூடல், 2.48. அட்டை எண் 0316.

0316 அவனுடைய எண். தேதி, அந்த ஞாயிறு.

அதற்குக் கீழே...

உள்மணி, 2.48.

உள்மணி, 2.48.

உள்மணி, 2.48.

உள்மணி, 2.49.

பிறகு 2.53-க்கு ஒன்று. முப்பத்தேழு.

அவ்வளவுதான். 3.30 வரை உட்கார்ந்து பார்த்தான். வேறு வரி வரவில்லை.

இனிமேல் அவன் நேராகப் போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் செய்தது வேறு. 4.10-க்கு, 'குறிப்பிட்ட நாளில் அறை நான்கின் உள்மணி அடித்ததற்கான பதிவு எதுவும் இல்லை' என்று ஒரு வரி அடித்து மேனேஜருக்கு அனுப்பினான். கீழே தன் பெயரையும் போட்டான். மறுநாள் வரவேற்பறையில் அதை அவளிடம் கொடுத்தார்கள். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்த திங்கள் அவள் வரவில்லை. பத்திரமும் அந்த லாக்கை அதன் பிறகு தொடவேயில்லை.

"வேலை போயிருந்தா உன் தங்கச்சிதானே மச்சான் கஷ்டப்படுவா?" என்று என்னிடம் கேட்டான். என் தங்கையை இதில் இழுத்ததற்காக ஓர் அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. அவன் முகம் ஏற்கெனவே அறை வாங்கியது போலத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். மேனேஜரைப் பார்க்க வரவில்லை. கடிதத்தில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டு, பத்திரத்தைப் பார்க்க வந்தாள். போலீஸ் கோப்பை மூடிவிட்டு, கணவனுடைய உடைமைகளோடு அன்று எடுத்த படங்களின் நகலையும் கொடுத்திருந்தார்கள். ஒரு படத்தை மட்டும் வெளியே எடுத்தாள். செத்தவன் உட்கார்ந்திருக்கிற படம்.

"அவர் முகத்தைப் பார்க்க முடியலைண்ணே. அதனால பக்கத்துல இருக்கிற பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. பெரிசு பண்ணிக் கொண்டுவந்திருக்கேன்."

சரக்கு அடுக்குகிறவர்கள் பெட்டியின் மேல் தடிப் பேனாவால் எண்ணிக்கையைக் கோடு கோடாகப் போடுவது வழக்கம். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில், அடியில், கோடுகள் இருந்தன. சரக்குக் கணக்கு என்று நினைத்துப் போலீசில் ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. கோடுகளுக்கு மேலே 'மணி' என்று எழுதியிருந்தது. அவள் எண்ணி வைத்திருந்தாள். முப்பத்திரண்டு. அதற்குக் கீழே கை நடுங்கி எழுதிய வரி:

2.47 ஒருத்தர் கதவைத் திறந்தார். ஜாக்கெட் இல்லை. என்னைப் பார்த்தார். மூடிட்டுப் போயிட்டார்.

அதற்கும் கீழே, கோணல்மாணலாக, இன்னும் ஐந்து கோடுகள்.

பத்திரம் படத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் போலீஸ் முத்திரை. தேதி, அந்த ஞாயிறு. நேரம், மாலை 6.20. இவன் போய்க் கதவைத் திறந்ததற்கு முப்பத்தைந்து நாள் முன்பு.

"மணி அடிச்சிருக்கார்ணே. தூங்கலை. அது எனக்குப் போதும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஆளைத்தான் தெரிஞ்சுக்கணும். ஜாக்கெட் போடாம வந்திருக்கார்னா உள்ள வேலை செய்யறவர் இல்லை, மேல உள்ள ஆபீஸ் ஆளுதான். கதவு திறந்தா உங்ககிட்ட பதிவாகும்னு சொன்னாங்க. அன்னிக்கு 2.47-க்கு வந்தது யாருன்னு பார்த்துச் சொல்றீங்களாண்ணே?"

"பார்த்துச் சொல்றேன்மா" என்றான் பத்திரம்.